இளைப்பு ஆறும் என்றார் ஐயர்

சேக்காடு, ஆவடி
12.7.1988

நேசமுள்ள செல்வநேசத்துக்கு,

நீ ரயிலேறிப் பத்து நாள் ஆகிறது. கர்த்தர் தயவில் நான் நலம். ரசம் மட்டும் நலமில்லை. உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா? வயிற்றில் இருக்கிற ஆள் உதைக்கிறாரா? மாமா, அத்தை சுகத்தையும் எழுது.

கடைசி பெஞ்சில் நீ இல்லாமல் பிரசங்கம் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் விடுவதுபோல் இருக்கிறது. நீ இருந்தால், பேச்சு நீளும்போது முந்தானையை இழுத்துத் தலையில் போடுவாய்; நானும் முடித்துவிடுவேன். போன ஞாயிறு ஐம்பத்தைந்து நிமிஷம். யாருமே தலையில் எதையும் போடவில்லை. பாதிப் பேர் தலையே தொங்கிப்போயிருந்தது.

ஆராதனை முடிந்ததும் நம் சபைச் செயலர் அந்தோணிராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க அய்யிரே. நீங்க பேசறப்போ சோக்காத்தான் கீது. ஊட்டுக்குப் போயி, அய்யிரு இன்னா சொன்னாருன்னு எங்கம்மா கேட்டா, ஒண்ணியும் ஞாபகம் வரமாட்டேங்குது" என்றார். மூன்று வருஷம் குருத்துவக் கல்லூரியில் படித்ததற்கு இதுதான் பரீட்சை முடிவு.

திங்கட்கிழமை வசனத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். வியாழன்வரை விளக்கவுரைகளைப் படிக்கிறேன். வெள்ளி எழுதுகிறேன். சனிக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடிக்கு எல்லாம் புரிகிறது. ஆகஸ்டில் 'இளைப்பாறுதல்' என்ற ஒரே சொல்லை வைத்து மூன்று ஞாயிறு பேசலாம் என்றிருக்கிறேன். சுமை சுமந்து களைத்தவர்களைக் கூப்பிடுகிற வசனம். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள்தானே அதிகம். எப்படிச் சொன்னால் மனதில் நிற்கும்? உனக்குத் தோன்றுவதை எழுது.

இன்னொரு சங்கதி. வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. ரயில்வே லைன்வரைக்கும் கேட்கிறதாம்.

உன் அன்பான,
ஜோசப்ராஜ்


நாசரேத்
21.7.1988

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானும் உள்ளே இருக்கிற ஆளும் சுகம். உதை பலமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது மட்டும் அடங்கிவிடுகிறது. பிரசங்கம் என்று நினைத்துத் தூங்கியிருக்கும். அம்மா நாளைக்கு நாலு வேளை சோறு போடுகிறாள். அப்பா உங்களை மிகவும் விசாரித்தார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. நீங்கள் ஒரு சொல்லைப் பிடித்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறீர்கள். மூலபாஷையில் என்ன, கிரேக்கத்தில் என்ன என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதற்குள் ஜனம் வீட்டில் உலை வைக்கிற நினைப்புக்குப் போய்விடுகிறது.

சொன்னால் மறந்துபோகும், கண்டால் மறக்காது. சுமையைப் பற்றித்தானே பேசப்போகிறீர்கள்? ஒரு அரிசி மூட்டையை நீங்களே தலையில் தூக்கிக்கொண்டு பீடத்தில் ஏறுங்கள். மூட்டையோடு கொஞ்சம் பேசுங்கள். பிறகு தொப்பென்று கீழே போடுங்கள். அந்தச் சத்தம் அந்தோணிராஜின் அம்மாவுக்கும் ஞாபகம் இருக்கும். கழுத்துச் சுளுக்கினால் என்னைத் திட்டாதீர்கள்.

பீடத்து யோசனைக்கெல்லாம் ஐயரம்மாவுக்குச் சம்பளம் கிடையாது, ஒரு புடவையாவது உண்டா?

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிற,
செல்வநேசம்


சேக்காடு
23.8.1988

என் நேசம்,

சுகமாயிருக்கிறாயா? நான் கழுத்து வலியோடு பரம சுகம்! புடவை உண்டு, அதுவும் பட்டு.

ஞாயிற்றுக்கிழமை உன் யோசனைப்படியே செய்தேன். இருபத்தைந்து கிலோ மூட்டை. தூக்கிவிட்ட அந்தோணிராஜ், "ஜாக்கிரதை அய்யிரே, எங்களுக்கு நீ ஒருத்தன்தான் கீறே" என்றார். மூட்டையோடு ஏறினேன். கால் நடுங்கியதே, அது நடிப்பே இல்லை. பெஞ்சில் ஒருவர் தூங்கவில்லை. கிரேக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. "இத்தனை நாள் எதை நம்பிச் சுமந்துகொண்டிருந்தீர்களோ, அதைக் கீழே போடுங்கள். நம்புகிறவர்களுக்கு இளைப்பாறுதல் இன்றைக்கே, இப்பொழுதே!" என்று சொல்லி மூட்டையைப் போட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரியவர்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பதினெட்டே நிமிஷம்.

கோயில் கேட்டருகே கூடை வைத்துக் கீரை விற்கிற வேம்புலியம்மாள் உனக்குத் தெரியுமே. உள்ளே வந்ததே இல்லை, குழாயில்தான் கேட்பார். நான் வெளியே வந்ததும் எழுந்து வந்து, "அய்யிரே, மெய்யாலுமே ஆறுமா? எனக்குமா? நான் உங்க கோயிலுக்குள்ள வராதவ ஆச்சே" என்று கேட்டார்.

"உங்களுக்கும்தான் அம்மா. நம்புகிறவர்களுக்கு இன்றைக்கே" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முருங்கைக்கீரை ஒரு கட்டைத் திணித்து, "இத்த வச்சுக்கோ, வேணான்னு சொல்லாத" என்றார். நேசம், இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் பிரசங்கியார். ஒரு வார்த்தை போய்ச் சேருகிறது என்றால் என்ன சந்தோஷம்! கர்த்தருக்கும் உனக்கும் நன்றி.

ஜோசப்ராஜ்


நாசரேத்
2.9.1988

அன்புள்ள அத்தானுக்கு,

கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் சூடு பண்ணித் தேய்த்தீர்களா? இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "மூட்டை யார் யோசனை?" என்று அப்பா கேட்டார்கள். பெருமைக்கு நானே என்று சொல்லிக்கொண்டேன்.

வேம்புலியம்மாளைத் தெரியாமலா? என்னிடம் மூச்சு வாங்கிக்கொண்டே பேரம் பேசுவார். பாதிப் பேரத்தில் நின்று நெஞ்சைத் தடவிவிட்டுக்கொள்வார். பாவமாக இருக்கும், அவர் கேட்ட விலைக்கே வாங்கிவிடுவேன். அவருடைய இளைப்பு இப்போது எப்படி இருக்கிறது? பனிக்காலம் வருகிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள். அவர் மகள் தாயம்மாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அடுத்த பிரசங்கம் என்ன? எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

செல்வநேசம்


சேக்காடு
19.9.1988

அன்புள்ள செல்வநேசத்துக்கு,

நலம். நீ நலமா? டாக்டரம்மா என்ன சொன்னார்கள்? இரத்தம் போதுமான அளவு இருக்கிறதா? சரியாகத் தூங்குகிறாயா? படி ஏறி இறங்காதே. மனதை அமைதியாக வைத்துக்கொள்.

இங்கே மழை. பருத்திப்பட்டு ஏரிக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. அந்தோணிராஜ் விசாரித்தார். வேறு விசேஷம் இல்லை.

உன் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்.

ஜோசப்ராஜ்


நாசரேத்
29.10.1988

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மகளுக்கு இன்றைக்குப் பன்னிரண்டு நாள். நன்றாகப் பால் குடிக்கிறாள், நன்றாக அழுகிறாள். எனக்குக் காய்ச்சல் விட்டது. பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா?

நேரில் கேட்க வாய் வரவில்லை, எழுதிக் கேட்கிறேன். சனிக்கிழமை வந்தீர்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அழுதீர்கள். சந்தோஷம் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைக்கப் பார்த்தேன். ஞாயிறு ஆராதனையில் எங்கள் ஊர் ஐயர், ஒரு வார்த்தை பேசுங்கள் என்று உங்களைக் கூப்பிட்டபோது, தொண்டை கட்டியிருக்கிறது என்றீர்கள். அன்று சாயங்காலம் பாப்பாவுக்கு நாலு பாட்டு, முழுப் பாட்டு, பாடினீர்கள்!

செப்டம்பரிலிருந்து பிரசங்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வேம்புலியம்மாளைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை. பிள்ளை பெற்றவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்று நினைக்கிறீர்களா? சொல்லாமல் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பாப்பாவுக்கு உங்கள் மூக்கு. பாவம்.

செல்வநேசம்


சேக்காடு
9.11.1988

என் பிரியமான நேசம்,

நீயும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். அதற்கு மேல் எதையும் கேட்க எனக்கு முகம் இல்லை. இனி மறைக்கமாட்டேன்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை. தாயம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "அய்யிரே, எங்கம்மா மூச்சு வுட முடியாம கெடக்குது!" ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டர் கேட்டார்: "மாத்திரையை எப்போ நிறுத்துனீங்க?"

தாயம்மா என்னைப் பார்த்தாள். "ரெண்டு வாரம் ஆச்சு சார். இளைப்பு ஆறுதல் இன்னைக்கேன்னு இவருதான் குழாய்ல சொன்னாரு. நம்பிக்கினு கீறதக் கீழ போடச் சொன்னாரு. எங்கம்மா மாத்திரையெல்லாம் அடுப்புல போட்டுட்டாங்க."

எனக்கு அது ஒரே சொல், நேசம். அவருக்கு இரண்டு சொல். பதினைந்து வருஷமாக இளைப்பு நோயில் அவதிப்படுகிற ஒருத்திக்கு, இளைப்பு ஆறும் என்று நான் மூன்று வாரம் குழாயில் கத்தியிருக்கிறேன். ஆறுமா என்று என் கையைப் பிடித்துக் கேட்டார், ஆறும் என்றேன். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஐந்து அர்த்தம் எனக்குத் தெரியும். சேக்காட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் உன் கடிதம் வந்தது. 'அவருடைய இளைப்பு எப்படி இருக்கிறது' என்று கேட்டிருந்தாய். உனக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதை வாசித்துவிட்டு உனக்கு எப்படி எழுதுவேன்? மூட்டை உன் யோசனை. நீயோ நிறைமாதம். என் பழி உன் மேலும் தெறித்துவிடுமோ என்று பயந்தேன்.

பதிமூன்று நாள் இருந்து பிழைத்து வந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவரிடம் எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். வழக்கமாக வருகிற நோய் என்று ஊரில் நினைக்கிறார்கள். தாயம்மா யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. குழாயைக் கழற்றி வைத்துவிட்டேன். ஞாயிறுதோறும் பத்திரிகையில் அச்சான ஏதாவது ஒரு பிரசங்கத்தை வாசித்துவிட்டு இறங்குகிறேன். வாயைத் திறந்தால் யார் உயிருக்கு என்ன ஆகுமோ என்றிருக்கிறது. ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

மன்னித்துக்கொள்.

ஜோசப்ராஜ்


நாசரேத்
3.12.1988

அத்தானுக்கு,

சுகமா? நாங்கள் சுகம். நான் கேள்வி கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத ஒன்றும் இல்லை என்றால் வெறும் இன்லேண்டையாவது ஒட்டிப் போடுங்கள். உங்கள் கையெழுத்தில் என் பேரையாவது பார்த்துக்கொள்வேன்.

பாப்பா சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

செல்வநேசம்


சேக்காடு
12.12.1988

அய்யிரம்மாவுக்கு வேம்புலியம்மா சொல்லி, தாயம்மா எழுதறது.

நீ நல்லா கீறியா? பாப்பா நல்லா கீதா? பால் கீதா உனக்கு? நான் சொகமா கீறேன், மாத்திரை போட்டுக்கினு கீறேன்.

இத்தோட கீற லெட்டரு உன் ஊட்டுக்காரரு உனக்கு எழுதுனது. பேர் போட்டு நாசரேத்துன்னு மட்டும் எழுதிக்கீறாரு. ஜில்லாவும் இல்லை, பின்கோடும் இல்லை. அது இங்க பூந்தமல்லி பக்கத்துல நசரத்பேட்டைக்குப் போயி, அந்தத் தபால்காரரு உன்னைத் தெருத்தெருவா தேடிட்டு, ஒரு மாசம் கழிச்சுத் திருப்பி அனுப்பிச்சுட்டாரு. எம்மாம் படிச்சவரு பாரு!

அத்தக் கையில வச்சுக்கினு கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தாரு. இன்னா அய்யிரேன்னேன். கர்த்தருக்கே பிடிக்கலை போல, கிழிச்சுடப் போறேன்னாரு. பிடுங்கிக்கினேன். நாங்க பிரிச்சுப் படிக்கலை, அது புருசன் பொஞ்சாதி சமாச்சாரம். ஆனா இன்னா எழுதியிருப்பாருன்னு தெரியும்.

அய்யிரம்மா, அவரு மேல எனக்குக் கோவம் இல்லை. ஆஸ்பத்திரில பதிமூணு நாளும் வந்தாரு. கஞ்சி வாங்கியாந்து குடுத்தாரு. சொந்தத் தம்பிகூட எட்டிப் பாக்கலை. நான் பொழைச்சது அவராலதான். ஆனா இப்ப கோயில்ல பேப்பரைப் பாத்துப் படிச்சுட்டு எறங்கிடறாராம். குழாயும் இல்லை. எனக்கு ஞாயித்துக்கெழமை பேஜாரா கீது. கீரை விக்கறப்போ காதுல நல்லது நாலு வுழும், அதுவும் போச்சு. நீ சொன்னா கேப்பாரு. சொல்லு.

வேம்புலியம்மா


நாசரேத்
19.12.1988

என் அன்பான அத்தானுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே உறைக்குள் வந்தன. உடனே பதில் எழுத முடியவில்லை. பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அழுதேன். வேம்புலியம்மாளை உயிரோடு வைத்த தேவனுக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். அவர் கையைப் பிடித்து எனக்காகவும் நன்றி சொல்லுங்கள். மூட்டை என்னுடையது. பழியில் பாதியை எனக்குக் கொடுங்கள். புருஷன் சுமையில் பாதி கிடையாது என்று யார் எழுதி வைத்தது?

ஆனால் ஒன்று கேட்கிறேன், அத்தான். இதை வேம்புலியம்மாளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டீர்கள், சரி. என்னிடமும் கேட்டீர்கள். அந்தக் குழாய் வேம்புலியம்மாளோடு நின்றதா? ரயில்வே லைன்வரைக்கும் கேட்கிறது என்று பெருமையாக எழுதினீர்களே. அங்கேயெல்லாம் இளைப்புக்காரர்கள் இல்லையா? ஊரெல்லாம் கேட்கத் தவறாகச் சொல்லிவிட்டு, இரண்டு பேர் காதில் மட்டும் திருத்தினால் எப்படி? பேசினால் யாருக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறீர்கள். நீங்கள் பேசாமல் இருக்கிற இந்த மூன்று மாதத்தில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்குப் பயமாயிருக்கிறது.

குழாயைக் கட்டுங்கள். சீக்கிரம்.

செல்வநேசம்


சேக்காடு
3.1.1989

என் உயிரான நேசம்,

புது வருஷம் உனக்கும் பாப்பாவுக்கும் மாமா அத்தைக்கும் ஆசீர்வாதமாயிருக்கட்டும். நான் சுகம். இந்த முறை மெய்யாகவே சுகம். அதோடு, முகவரியில் ஜில்லாவும் பின்கோடும் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் கடிதம் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் வந்தது. மறுநாளே குழாயைக் கட்டியிருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி, ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். சனிக்கிழமை பிரசங்கக் குறிப்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய், கீரைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு வாசித்துக் காட்டியது போதும். வேம்புலியம்மாள் ஒவ்வொரு வரிக்கும் "அப்படின்னா?" என்றார். பதினொரு இடத்தில் அடித்து எழுதினேன்.

"அந்த எளவெடுத்த வார்த்தைக்கு அர்த்தந்தான் இன்னா அய்யிரே?" என்று கேட்டார்.

"களைத்தவர்கள் சுமையை இறக்கிவிட்டு, கடவுள் பக்கத்தில் அமைதியாக..." என்று தொடங்கினேன்.

"குந்தறதா?"

"ஆமாம். குந்துவதுதான்."

"அத்த சொல்ல வேண்டியதுதானே? வா, எம் பக்கத்துல கொஞ்ச நேரம் குந்துன்னு. இதுக்கு மூணு வாரமா?"

ஞாயிறு காலை, புது வருஷ ஆராதனை. அந்தோணிராஜ் குழாய் கட்டினார். "ஆகஸ்டில் இதே இடத்தில் நான் தப்பாகப் பேசினேன்" என்று ஆரம்பித்தேன். வேம்புலியம்மாளின் சம்மதத்தோடு நடந்தது முழுவதையும் சொன்னேன். மாத்திரை கடவுள் கொடுத்தது, அதை யாரும் கீழே போடக் கூடாது என்றேன். பிறகு, குந்து என்று பீடத்திலிருந்து சொன்னேன், நேசம்! நம் கல்லூரி ஐயர்மார் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பத்தே நிமிஷம்.

இறங்கி வெளியே வந்தேன். ரயில்வே லைன் பக்கத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏறி மிதிக்கத் தெம்பில்லை. பத்தடிக்கு ஒரு தடவை ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. உத்தமன் என்று பேர், அரிசி மில்லில் வாட்ச்மேன். கேட்டருகே வந்து, பேச மூச்சில்லாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நாலு மாத்திரைதான் குறைந்திருந்தது. அட்டை மங்கிப்போயிருந்தது.

"ஆகஸ்டுல... நிறுத்துனது, அய்யிரே."

"வேம்புலியம்மாளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கு நம்பிக்கை பத்தலைன்னு... நெனைச்சேன். நம்பறவங்களுக்குன்னு நீதானே சொன்னே. நான் நம்பிக்கினே இருந்தேன்."

உன் கடிதம் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நானும் அந்தோணிராஜும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டருக்கு என் முகம் மறக்கவில்லை. "இந்தப் பனியில இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஆளே இல்ல" என்று என்னைத் திட்டித் தீர்த்தார். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்தத் திட்டுக்கும் நன்றி.

ஆக்சிஜனை எடுத்ததும் உத்தமன் கேட்டார்: "அப்ப சாமி சொன்னது பொய்யா, அய்யிரே?"

"சாமி பொய் சொல்லலை. நான்தான் சரியாச் சொல்லலை."

"நீ எதுக்கு அழறே? நான்தான் பொழைச்சுக்கினேனே" என்றார்.

அன்றைக்கு மாலை ஆராதனையை அந்தோணிராஜே நடத்திவிட்டார். நான் உத்தமன் தூங்குகிறவரை கட்டிலருகே ஸ்டூலில் குந்தியிருந்தேன். இன்று காலை இட்லி சாப்பிட்டார்.

ஆசிரியர் வேலைக்கு எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்துவிட்டேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சீக்கிரம் வா, நேசம். இங்கே ஸ்தோத்திரம் சொல்ல ஆள் பத்தவில்லை.

உன்,
ஜோசப்ராஜ்